ஆளுக்குக் கொஞ்சம் தண்ணீர்

தாய்ப்பால் இல்லாத குழந்தைக்கு வீட்டிலேயே பால் தயாரிப்பது எவ்வாறு என்று எங்கள் ஊரில் எவரையும் கேட்க வேண்டியதில்லை. கேளாமலே சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகவும் மாட்டார்கள். செய்துகாட்ட அடுப்படி வரை வந்துவிடுவார்கள். இந்த வகையில் நான் பெற்ற அனுபவம் ஏறத்தாழ என் மகளின் உயிரை விலையாகக் கேட்டது. ஆகையால் இதைப் பற்றிப் பொறுமையோடு எழுதுவது இன்றளவும் எனக்கு இயலாத காரியமாகவே இருக்கிறது.

எழுபதுகளின் பிற்பகுதி. எங்களுக்கு முதல் பெண் பிறந்து இரண்டாம் மாதம் நடந்துகொண்டிருந்தபோது என் மனைவிக்கு டைபாய்டு கண்டது. காய்ச்சல் இறங்கியபோது அவளிடம் எழுந்து உட்காரும் வலுவும் இல்லை, பாலும் இல்லை. வீடு போடியில் இருந்தது. எனக்கோ மலையில் குரங்கணிக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில், காய் உலர்த்தும் கொட்டகையில் வேலை. பறிப்புக் காலமாதலால் சூட்டறையை விட்டு அகல முடியாது. சனிக்கிழமை மாலை லோடு ஏற்றிய ஜீப்பில் இறங்கி, திங்கட்கிழமை விடியலில் மீண்டும் ஏறிவிடுவேன். வீட்டுப் பொறுப்பு முழுவதும் என் அக்காவுடையது. கணவரை இழந்தபின் அவள் எங்களோடுதான் இருந்தாள். அடுத்த வீட்டில் எங்கள் சித்தப்பாவின் மனைவி இருந்தார். சின்னாத்தா என்று அழைப்போம். அவருக்கு எங்கள் வீடும் தம் வீடும் ஒன்றே. இடையில் ஒரு சுவர் இருப்பதை அவர் என்றுமே பொருட்படுத்தியதில்லை.

என் மனைவிக்கு வைத்தியம் பார்த்த டாக்டரம்மா தெளிவாகத்தான் சொல்லியிருந்தார். குழந்தைகளுக்கான டப்பாப் பால் கிடைத்தால் அதுவே நல்லது. கிடைக்காத நாளில் மட்டும், இரண்டு பங்கு பசும்பாலுக்கு ஒரு பங்கு நீர் சேர்த்துக் காய்ச்சி, சிறிது சர்க்கரையிட்டு, சங்கில் புகட்ட வேண்டும். அந்நாளில் வழங்கிய முறை அது. கைக்குழந்தைக்கு வீட்டில் கலக்கும் அத்தகைய பாலை இன்றைய மருத்துவர்கள் ஒப்புவதில்லை. ஆனால் அந்த முறையேனும் எங்கள் வீட்டில் நடந்திருந்தால் நான் இதை எழுத நேர்ந்திராது.

டப்பாப் பால் முதல் நாளே தள்ளுபடியாயிற்று.

"தெருவுல பாலு ஓடுது. எவனோ டப்பால அடைச்ச மாவ எதுக்கு நம்ம பிள்ள நக்கணும்?" என்றாள் அக்கா.

பிறகு வந்தவர்களெல்லாம் தத்தம் வைத்தியத்தைக் கொண்டுவந்தார்கள். கேழ்வரகைப் பிழிந்த பால் என்றார் ஒருவர். கஞ்சித் தெளிவு என்றார் இன்னொருவர். கழுதைப்பால் சங்களவு கொடுத்தால் குரல் கணீரென்று வரும் என்று, குழந்தை பாட்டுக் கச்சேரிக்குப் புறப்படுவதைப் போலச் சொன்னார் மூன்றாமவர். ஏலக்காய் சேராத வைத்தியம் எங்கள் பகுதியில் கிடையாதாகையால், அதைத் தட்டிப்போட்ட வெந்நீரை எல்லோருமே சிபாரிசு செய்தார்கள்.

முதல் சனிக்கிழமை இறங்கிவந்தபோது குழந்தையின் தொடைச் சதை தளர்ந்திருக்கக் கண்டேன். தினமும் தூக்கி வைத்திருப்பவர் கண்ணுக்கு அது படாது. ஆறு நாள் கழித்துப் பார்ப்பவனுக்குப் பட்டது.

"பெறந்தப்ப இருந்த ஊளச்சதடா அது. இப்பத்தான் ஒடம்பு இறுகுது" என்றாள் அக்கா.

அடுத்த வாரம் குழந்தை ஓயாமல் அழுதது. வயிறு நிறையக் குடித்தும் ஏன் அழ வேண்டும்? உரம் விழுந்துவிட்டது, அதாவது தசை பிசகிவிட்டது என்று தீர்மானித்து, பக்கத்துத் தெருப் பெண்மணி ஒருவரிடம் கொண்டுபோய், பழஞ்சேலையில் கிடத்தி உருட்டி எடுத்திருந்தார்கள். திருஷ்டி கழித்திருந்தார்கள். பால் செரிக்காத மந்தம் என்ற பேச்சும் அடிக்கடி காதில் விழுந்தது. டாக்டரம்மாவிடம் காட்டலாம் என்றேன். உருட்டிய சேலையைத் துவைத்துப் போட்டது இன்னும் காயவில்லை, அதற்குள் ஊசியா என்று கேட்டார்கள். சேலை காய்வதற்கும் ஊசிக்கும் உள்ள தொடர்பு எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

மூன்றாம் சனிக்கிழமை நான் வாசலை மிதிக்கும்போதே சின்னாத்தா முகமெல்லாம் சிரிப்பாக எதிர்கொண்டார்.

"அப்பு, ஒம் மகளுக்குக் கொணமாயிருச்சு. அழுகையே இல்ல. போட்ட எடத்துல கெடக்கு, தங்கமா."

நான் உள்ளே போய்ப் பார்த்தேன். குழந்தை அழாமல் இருந்தது, அழுவதற்கு வலு இல்லாமையால். உச்சிக்குழி உள்வாங்கியிருந்தது. விரலைக் கொடுத்தால் இறுகப் பற்றும் கை, வெறுமனே விரிந்து கிடந்தது.

அந்நேரம் அடுப்பங்கரையில் பால் தயாராகிக்கொண்டிருந்தது. நான் அதன் வாசற்படியில் நின்று, அந்தப் பால் சங்கு வரை செல்லும் பயணத்தை முழுமையாகப் பார்த்தேன். பால்காரர் ஊற்றிய செம்பிலிருந்து ஒரு சொட்டை முதலில் கட்டைவிரல் நகத்தில் விட்டேன். நிற்காமல் வழிந்தது. அவர் தம் பங்குத் தண்ணீரைச் சேர்த்தே கொண்டுவந்திருந்தார். அக்கா அதில் ஒரு பங்கு நீர் விட வேண்டியவள், மந்தத்துக்கு அஞ்சி இரண்டு பங்கு விட்டுக் காய்ச்சினாள். அவள் சர்க்கரை எடுக்கத் திரும்பிய வேளையில் சின்னாத்தா தம் வீட்டிலிருந்து கொண்டுவந்த பார்லித் தண்ணீரை அதில் சாய்த்தார். கட்டிலருகே பால் வந்ததும், படுத்திருந்த என் மனைவி தலையணைக்குப் பின்னாலிருந்து ஒரு புட்டியை எடுத்து ஓமத்தண்ணீரைக் கலந்தாள். மற்றவர் செய்தது ஒருவருக்கும் தெரியாது. ஒவ்வொருவரும் தாம் ஒருவரே கொஞ்சம் சேர்ப்பதாக நம்பியிருந்தார்கள். கடைசியில் அந்தச் சங்கில் இருந்தது அரிசி கழுவிய நீரைவிட வெளுப்புக் குறைந்த ஒன்று.

விருந்தாளி கூடும்போது ரசத்தில் நீர் சேர்ப்பார்கள். குழந்தையின் பாலையும் அவ்வாறே கருதும் ஒரு குடும்பத்துக்கு நான் தலைவனாக இருக்கிறேனே என்று கத்தினேன். என் குரல் தெருவுக்குக் கேட்டது.

அக்கா அசரவில்லை. "மலையில கெடந்துட்டு வாரத்துக்கு ஒருக்கா வந்து மொகத்தக் காட்டுறவன் நீ. ராத்திரியெல்லாம் முழிச்சுக் கெடக்குறது யாரு? இவுக சத்தம் போட வந்துட்டாக!"

"நீ முழிச்சதெல்லாம் சரிக்கா. பிள்ளைக்குப் பாலு எங்க?"

"அதான் சங்கு சங்கா குடிக்குதே! வயித்தப் பாரு, எப்படித் திம்முனு இருக்கு!"

வயிறு உண்மையிலேயே நிறைந்துதான் இருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

குதிரை வண்டி பிடித்து எல்லோரையும் ஏற்றிக்கொண்டு டாக்டரம்மாவிடம் போனேன். எழுந்து நிற்கத் தடுமாறிய மனைவியும் வர வேண்டுமென்று பிடிவாதமாக வந்தாள். டாக்டரம்மா குழந்தையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டார். மூவரும் ஒருவர் பின் ஒருவராக ஒப்பித்தார்கள்: வெந்நீர், பார்லி, ஓமம், இடையில் ஏலக்காய். ஒவ்வொருவர் பேசும்போதும் மற்ற இருவரும் வியப்போடு திரும்பிப் பார்த்தார்கள்.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

"எல்லாஞ் சொல்லிட்டீங்க. பாலு எப்பம்மா குடுத்தீங்க?"

அவர் குழந்தையின் வயிற்றை விரலால் தட்டிக் காட்டினார்.

"தண்ணி வயித்தத்தான் நெரப்பும், ஒடம்ப நெரப்பாது. இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா ஜன்னி கண்டு பிள்ளை கையில தங்கியிருக்காது. வீட்டுல ஆளு இல்லாத பிள்ளைகூடப் பொழச்சிரும்போல. ஆளு இருக்குற பிள்ளையத்தான் காப்பாத்த முடியல எனக்கு."

குழந்தையை ஆஸ்பத்திரியில் வைத்துக்கொண்டார்கள். முதலிரண்டு நாட்கள் எங்கள் முகத்தைப் பார்த்து எவரும் நம்பிக்கையாக ஒரு சொல் சொல்லவில்லை. பிறகு ஒரு நாள் காலையில் அவள் அழுதாள். அந்த வார்டே திரும்பிப் பார்க்கும்படி அழுதாள். அக்கா அந்த அழுகையைக் கேட்டுச் சுவரோரம் சரிந்து உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள்மீது எனக்கிருந்த கோபம் அப்போதும் தீரவில்லை. எனினும் அதைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது என்றும் தெரியவில்லை.

வீடு திரும்பும்போது டாக்டரம்மா சில கட்டளைகள் இட்டார். டப்பாப் பால் மட்டுமே கொடுக்க வேண்டும். டப்பாவில் எழுதியிருக்கும் அளவுக்கு மேல் ஒரு சொட்டு நீரும் கூடாது. கலப்பது ஒரே கையாக இருக்க வேண்டும். பால் வருகிறதோ இல்லையோ, ஒவ்வொரு முறையும் முதலில் தாயின் மார்பில் குழந்தையைப் போட வேண்டும். சுவைக்கச் சுவைக்கப் பால் திரும்பக்கூடும்.

"யாரு கலக்குறது?" என்று டாக்டரம்மா கேட்டார்.

அக்கா கையை நீட்டினாள். சின்னாத்தாவும் நீட்டினார்.

"நாந்தான்" என்றாள் என் மனைவி. அவளுக்கு இன்னும் நிற்க வலுவில்லை. "நா ஒருத்திதான். மதினி, வெந்நி மட்டும் காச்சிக் கொண்டாங்க. டப்பா ஏங்கிட்ட இருக்கட்டும்."

டப்பா கட்டிலுக்கு அடியில் போயிற்று. அக்கா வெந்நீரை வைத்துவிட்டு, பேசாமல் திரும்பிவிடுவாள். சின்னாத்தா சுவருக்கு அந்தப்புறம் சில நாள் தங்கினார். அவர் வாழ்நாளில் அது ஒரு சாதனை. நான் ஒவ்வொரு சனிக்கிழமையும் இறங்கிவந்து முதலில் தொடையைத்தான் பார்த்தேன். மெல்ல மெல்லச் சதை ஏறியது. வாடைக்காற்று தொடங்கிய சமயத்தில் என் மனைவிக்குப் பாலும் ஓரளவு திரும்பியது. டப்பாவின் தேவை குறைந்தது.

அந்தச் சமயத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவள் சுவரில் சாய்ந்து குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். நெடுநாளாகப் பேசாதிருந்த அக்கா ஒரு டம்ளரை ஏந்திவந்து அருகில் அமர்ந்தாள். குழந்தை குடிக்கும் அழகைச் சற்று நேரம் பார்த்தாள்.

"காச்சல்ல கெடந்த ஒடம்பு. பாலு கெட்டியாத்தான் ஊறும்" என்று மெதுவாகத் தொடங்கினாள். "காச்சி ஆத்துன தண்ணிதான் ஆத்தா. பிள்ள குடிச்சு முடிச்சதும் ஒரு சங்கு மட்டும்..."

வாயைத் திறந்தேன். என் மனைவி என்னைப் பார்த்துக் கண்ணால் அடக்கிவிட்டு, அக்காவின் கையிலிருந்த டம்ளரை மரியாதையோடு வாங்கினாள். வாங்கி, கடைசிச் சொட்டு வரை தானே குடித்தாள்.

"நல்லாயிருக்கு மதினி" என்றாள். "இன்னுங் கொஞ்சம் கொண்டாங்க."