இடது மரை

“செத்த நேரத்துல வாரேன்” என்று கிளம்பும் கணவரை வாசலில் நிறுத்தி, “செத்த நேரம்னா எத்தனை நிமிசம்?” என்று கேட்கிறார் வினோலியா. ஞானராஜுக்குச் செம்பட்டியில் உரக்கடை. “ஒரு பத்து இருவது ஆகும்” என்கிறார். “பத்தா, இருவதா?” முப்பத்தோராண்டு இல்லறத்தில் இந்தக் கேள்விக்கு அவர் கண்டுபிடித்திருக்கும் ஒரே பதில், வண்டியைக் கிளப்பிவிடுவது.

வினோலியாவின் தொழில் அப்படி. திண்டுக்கல் ஆர்.எம். காலனியில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து விமானப் பராமரிப்புக் கையேடுகளைத் திருத்துகிறார். பெங்களூர் நிறுவனம் ஒன்று சிறிய பயணிகள் விமானத்தை உள்நாட்டிலேயே செய்கிறது. எதை எப்படிக் கழற்றுவது, எப்படி மாட்டுவது என்று அங்குள்ள பொறியாளர்கள் ஆங்கிலத்தில் எழுதி அனுப்புவார்கள். இவர் அதிலுள்ள கவித்துவத்தை நீக்கித் திருப்பி அனுப்புவார். அந்த ஆங்கிலத்துக்குச் சட்டமே உண்டு. ஒரு சொல்லுக்கு ஒரே பொருள். செய்முறை வாக்கியம் என்றால் இருபது சொல்லைத் தாண்டக் கூடாது. ‘நன்றாக இறுக்குக’ என்று இருந்தால் அடித்துவிடுவார். “நல்லாங்கறது ஆளாளுக்கு மாறும். எம்புட்டுன்னு நம்பர் போடணும்.”

இதே வினோலியா வைக்கும் ரசத்தில் உப்பு, புளி எதற்கும் நம்பர் கிடையாது. கேட்டால், “கைக்குத் தெரியும்” என்பார். விமானத்தில் ஏறியதும் இல்லை. மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரை நெருங்கினாலே அவருக்குத் தலை சுற்றும். ஆனால் பேச்சில் அது எப்போதும் ‘எங்க பிளேன்’தான். “டவுன் பஸ்ஸே நேரத்துக்கு வரமாட்டேங்குது, இவ பிளேன் விடுறா” என்று உரம் வாங்க வருகிறவர்களிடம் ஞானராஜ் குறைப்பட்டுக்கொள்வார். வழி கேட்க வந்தவர்களிடமும் குறைப்பட்டுக்கொள்வார்.

சென்ற ஆடியில் ஒரு வெள்ளிக்கிழமை, சக்கரம் பற்றிய அத்தியாயம் வந்தது. அன்று மாலை ஐந்துக்குள் கையேடு, விமானத்துக்கு அனுமதி தரும் அதிகாரிகளுக்குப் போயாக வேண்டும். தவறினால் அடுத்த பரிசீலனை மூன்று மாதம் கழித்துத்தான். அதுவரை விமானம் கொட்டகையை விட்டு நகராது. வலது சக்கரத்தின் நட்டை மாட்டும் முறையை ஆறு படிகளில் எழுதிவிட்டு, கீழே ஒரே வரி: ‘இடது சக்கரத்துக்கும் இவ்வாறே செய்க.’ படத்தில் மட்டும் இடப்பக்க அம்புக்குறி எதிர்த்திசையில் சுற்றியது.

பெங்களூருக்குப் போன் போட்டார். எடுத்தவர் பொறியாளர் ரிஃபாத், நம்மூர் பேகம்பூர்க்காரர்.

“அது ஒண்ணுமில்ல மேடம். வலது படத்தைக் கண்ணாடி மாதிரித் திருப்பிப் போட்டிருக்காங்க. அம்பும் சேந்து திரும்பிருச்சு.”

“திரும்பிருச்சா, திருப்புனாங்களா?”

“மேடம், மணி ரெண்டு.”

போனை வைத்துவிட்டு வினோலியா தெருமுனைக்கு நடந்தார். ஒரே வண்டியில் இரண்டு பக்கமும் வேறு வேறாகத் திருகுவது உண்டா என்று சைக்கிள் கடை பெரியகருப்பனிடம் கேட்டார். தாள் திருத்துகிறவர் என்பதால் அவருக்கு இவர் டீச்சர்.

“என்ன டீச்சர் இப்பிடிக் கேட்டுப்புட்டீக? இடது பெடலு எதுத்தாப்புலதான் திருகணும். வலது மாதிரியே அமுக்கித் திருகுனா மரை போயிரும்.” கையிலிருந்த பெடலை மாட்டியும் காட்டினார். “மரை கழண்டவன்தான் ரெண்டையும் ஒரே பக்கம் திருகுவான்.”

வீட்டுக்கு வந்து மறுபடி போன். “தம்பி, அந்த நட்டைக் கையால திருகிப் பாத்துட்டுச் சொல்லுங்க. அதுவரைக்கும் பக்கத்தை விடமாட்டேன்.”

“பிளேன் இருக்கறது ஓசூர்ல மேடம்!”

“அங்க கையிருக்கற ஆளு யாருமில்லையா?”

நாற்பது நிமிடம். அந்த நாற்பது நிமிடமும் அவர் ஒரு வரிகூடத் திருத்தவில்லை. பதில் வர ஐந்தைத் தாண்டினால் மூன்று மாதம் முடங்கப்போவது ‘எங்க பிளேன்’ என்பது அவருக்குத் தெரியும். போன் அடித்ததும், கையைப் புடவையில் துடைத்துவிட்டுத்தான் எடுத்தார்.

“இடது மரைதான் மேடம்.” ரிஃபாத்தின் குரல் இறங்கியிருந்தது. “நாலு பேரு நின்னு திருகிப் பாத்தாங்க.”

“ம். அப்ப ‘இவ்வாறே’வை எடுத்துருவோம்.”

ஒரு வரி ஆறு வரியாயிற்று. நாலு ஐம்பதுக்குக் கையேடு போய்ச் சேர்ந்தது.

போன மாதம் அந்த விமானம் முதல்முறை பறந்தது. மறுநாள் இறுதிக் கையேட்டின் பிரதி வினோலியாவின் கணினிக்கு வந்தது. ஞானராஜ் கடையைச் சீக்கிரமே அடைத்துவிட்டு வந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து தேடினார்.

“ஏம்மா, ஒம் பேரு எங்கிட்டு இருக்கு?”

“கையேட்டுல யாரு பேரும் வராதுங்க.”

“பின்ன எதுதான் ஒன்னோடது?”

வினோலியா அந்தப் பக்கத்தை எடுத்தார். திரையில் விரலை அழுத்தி வைத்து, ஆங்கில வரியைத் தமிழில் படித்துக் காட்டினார்: “இடது சக்கரத்தின் நட்டு இடது மரை கொண்டது. இடஞ்சுழியாகத் திருகுக.” ஞானராஜ் இன்னொரு முறை படிக்கச் சொன்னார். படித்தார். பிறகு, விரல் பட்ட இடத்தை முந்தானையால் துடைத்தார்.