பதினான்கு நாள் அவகாசம்

பிள்ளைகளே, உங்கள் அக்கா பல்கலைக்கழகத்தில் சேர்ந்த கதையை ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்கிறீர்கள். அப்பாதான் ஓடிப்போய்ச் சேர்த்துவிட்டார் என்கிறாள் சின்னவள். அப்பா கெடுக்கப் பார்த்தார் என்கிறான் பெரியவன். இரண்டிலும் கொஞ்சம் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அப்போது நீங்கள் இருவருமே சின்ன வகுப்பில் இருந்தீர்கள். நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன். நீங்கள் தமிழை எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர்கள், அதனால் சின்ன வாக்கியங்களாக எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு நிறுத்திய எனக்கும் அதுதான் வசதி.

தொண்ணூறுகளின் நடுவில், ஒரு ஜூன் மாதம். பூனா பக்கம் கசார்வாடியில் ரயில் பாதைக்குப் பக்கத்தில் வரிசை வீட்டில் இருந்தோம். நான் ஒரு சின்னப் பட்டறையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தேன். அக்கா ஜூனியர் காலேஜில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்தாள். கணக்கில் கெட்டிக்காரி. பல்கலைக்கழகத்தில் ஸ்காலர்ஸ் புரோகிராம் என்று ஒன்று இருந்தது. பரீட்சை வைத்து, நேரில் பேசிப் பார்த்து, கொஞ்சம் பேரை மட்டும் அவர்களே கூப்பிடுவார்கள். ஐந்து வருடப் படிப்பு. முதல் வருடத்திலேயே பேராசிரியர்களோடு உட்கார்ந்து வேலை செய்யலாம். ஆனால் ஹாஸ்டலில்தான் தங்க வேண்டும். மே மாதம் பரீட்சை, நேர்முகம் இரண்டையும் முடித்துவிட்டு வந்து, கடிதத்துக்காகக் காத்திருந்தாள். அதே சமயம் இஞ்சினியரிங்குக்கும் எழுதிப் போட்டிருந்தாள். அந்தப் பட்டியலும் வரவில்லை.

காத்திருப்பதாக அவள் காட்டிக்கொள்ள மாட்டாள். ஆனால் துணி காயப்போட அவளுக்குத் தினமும் பதினோரு மணிக்குத்தான் நேரம் கிடைக்கும். தபால்காரர் வரும் நேரம் அது. மழை தூறினாலும் வாளியோடு வெளியே நிற்பாள். இப்படியே மூன்று வாரம் போயிற்று.

கடிதம் வந்தது ஒரு வியாழக்கிழமை. எங்கள் பக்கத்துப் பட்டறைகளுக்கு வியாழன்தான் லீவு, அன்று கரண்ட் இருக்காது. நான் வீட்டில் இருந்தேன். அக்கா மார்க் ஷீட் வாங்கக் காலேஜுக்குப் போயிருந்தாள். தபால்காரரிடம் கையெழுத்துப் போட்டு நானே வாங்கினேன், நானே பிரித்தேன். இங்கிலீஷில் இரண்டு பக்கம். பட்டறை டிராயிங் படிக்கிற இங்கிலீஷ்தான் எனக்குத் தெரியும். அவள் பெயர் புரிந்தது, அழைக்கிறோம் என்பது புரிந்தது. கடைசியில் கிழித்துக் கொடுக்க ஒரு படிவம் இருந்தது.

இங்கே ஒரு பழைய விஷயத்தைச் சொல்ல வேண்டும். நான் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பூனாவுக்கு வந்த புதிதில், ஒரு பெரிய கம்பெனியிலிருந்து எனக்கு வேலைக்கு அழைப்பு வந்தது. சட்டை தைத்துப் போட்டுக்கொண்டு போகலாம் என்று இரண்டு நாள் தாமதித்தேன். மூன்றாம் நாள் கேட்டில் இருந்த ஆள், இடம் போய்விட்டது, வந்த வழியே போ என்றான். அன்றிலிருந்து எனக்கு ஒரே பாடம்தான். கூப்பிட்டால் அன்றைக்கே போய் நிற்க வேண்டும்.

படிவத்தில் பெரிய எழுத்தில் அவள் பெயரை எழுதினேன். கையெழுத்துக்கு இரண்டு இடம் இருந்தது. இரண்டிலும் நானே போட்டேன், தமிழில். உங்கள் அம்மா சோற்றை வடித்துக்கொண்டே கேட்டாள்.

“அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டியளா?”

“வரதுக்குள்ள எவனாவது இடத்தைப் பிடிச்சிருவான்” என்று சொல்லிவிட்டு லோக்கல் ரயிலைப் பிடித்தேன். சிவாஜிநகரில் இறங்கி, பஸ் ஏறி, பல்கலைக்கழகத்துக்குப் போனேன். ஆபீசில் சாப்பாட்டு நேரம், கவுண்டரில் ஆள் இல்லை. மேஜைமேல் ஒரு பெட்டி இருந்தது. அதில் போட்டுவிட்டு, வரும் வழியில் அரை கிலோ பேடா வாங்கிக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வருவதற்கு முன்பே எங்கள் வரிசையில் பாதிப் பேருக்குக் கொடுத்துவிட்டேன்.

அக்கா வந்திருந்தாள். கடிதத்தை விரித்து வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். பேடாவை நீட்டினேன். வாங்கிக் கையில் வைத்துக்கொண்டாள், சாப்பிடவில்லை.

“எதுக்குப்பா இவ்ளோ ஜல்தி? பதினாலு நாள் டைம் குடுத்திருக்காங்க.”

“கூப்பிட்டுட்டான்லா. இதுல யோசிக்க என்ன இருக்கு?”

“கூப்பிட்டது என்னையப்பா.”

அவள் சத்தம் போடவில்லை. கடிதத்தில் ஒரு வரியைத் தொட்டுக் காட்டி அர்த்தம் சொன்னாள். படிவம் கொடுத்துவிட்டால் அந்த வருடம் வேறெங்கும் சேர முடியாது, அசல் சான்றிதழெல்லாம் அவர்களிடம் போய்விடும் என்று எழுதியிருந்தது. இஞ்சினியரிங் பட்டியல் வருவதற்கு முன்பே அந்தக் கதவை நான் சாத்திவிட்டு வந்திருக்கிறேன். எந்தக் கதவு வேண்டும் என்று அவள் இன்னும் முடிவே செய்யவில்லை. அது அப்போதுதான் எனக்கு உறைத்தது. உங்கள் அம்மா என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை.

மறுநாள் பட்டறைக்கு லீவு சொல்லிவிட்டு இருவரும் கிளம்பினோம். அவள் பெண்கள் பெட்டியில் ஏறிக்கொண்டாள். நான் அடுத்த பெட்டியில் நின்றபடியே, ஆபீசில் என்ன சொல்லிக் கெஞ்சுவது என்று இந்தியில் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். என் தப்பு, என் பெண் மேல் தப்பில்லை, காலில் வேண்டுமானாலும் விழுகிறேன் என்கிற வரைக்கும் தயார் செய்துவிட்டேன்.

கவுண்டரில் அன்று ஒரு இளம்பெண் இருந்தாள். நான் ஆரம்பித்த உடனேயே கையைக் காட்டி நிறுத்தினாள். ஒரு பைலிலிருந்து எங்கள் படிவத்தை எடுத்தாள். தனியாகக் கிளிப் போட்டு வைத்திருந்தாள். மாணவர் கையெழுத்து என்ற இடத்தில் இருந்ததைக் காட்டி, “காகா, படிக்கப் போறது நீங்களா?” என்று சித்தப்பா முறை வைத்து இந்தியில் கேட்டாள்.

இது செல்லாது, வீட்டுக்குக் கடிதம் போடலாம் என்று எடுத்து வைத்திருக்கிறேன் என்றாள். பக்கத்தில் பார்த்தேன். அக்கா சிரித்துவிட்டாள். முந்தின நாளிலிருந்து அவள் முகத்தில் நான் பார்த்த முதல் சிரிப்பு. அந்தப் பெண் பழையதைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதுப் படிவம் ஒன்று கொடுத்தாள். இன்னும் பதின்மூன்று நாள் இருக்கிறது, நிதானமாக வாருங்கள் என்றாள். நன்றி சொன்னேன். எத்தனை தடவை சொன்னேன் என்று தெரியவில்லை, அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

கிளம்பலாம் என்று நான் திரும்பினால், அவள் நகரவில்லை. யாராவது பேராசிரியரைப் பார்த்துச் சில விஷயம் கேட்க முடியுமா என்று கவுண்டரில் கேட்டாள். எனக்குத் திக்கென்றது. கூப்பிட்டவர்களையே கேள்வி கேட்பதா? மாடியில் ஒரு அம்மா இருக்கிறார், போய்ப் பார் என்று அந்தப் பெண் சாதாரணமாகச் சொன்னாள். நான் கீழே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். முக்கால் மணி நேரம் ஆயிற்று. இறங்கி வந்தபோது அவள் கையில் ஒரு தாள். அதில் அவள் வீட்டிலேயே எழுதிக் கொண்டுவந்த ஒன்பது கேள்வி. ஒவ்வொன்றுக்கும் எதிரில் டிக் போட்டிருந்தாள்.

அதற்கப்புறம் நான் வாயைத் திறக்கவில்லை. அதைப் போலக் கஷ்டமான வேலை நான் செய்ததில்லை. பேடா தின்றவர்களெல்லாம், பெண் எப்போது போகிறாள் என்று கேட்பார்கள். பார்க்கலாம் என்பேன். ஒரு வாரத்தில் இஞ்சினியரிங் பட்டியல் வந்தது. அதிலும் இடம் கிடைத்தது, பஸ்ஸில் போய் வரக்கூடிய காலேஜ். உங்கள் அம்மாவுக்கு அதில்தான் ஆசை, பெண் வீட்டில் இருப்பாளே என்று. பட்டறை போர்மேனும் இஞ்சினியரிங்தான் என்றார். எனக்கும் ஒரு ஆசை இருந்தது. அதை இன்றுவரைக்கும் சொன்னதில்லை, இங்கேயும் சொல்லப் போவதில்லை.

நான்கு நாள் மிச்சம் இருக்கும்போது, சாயங்காலம் நான் கை கழுவிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து நின்று, பல்கலைக்கழகத்துக்கே போகிறேன் என்றாள். ஏன் என்று கேட்டேன். அது கேட்கலாம் என்று தோன்றியது. மாடியில் பார்த்த அந்த அம்மா, போன வருடம் பாதியில் விட்டுப் போன ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னாராம். அவளுக்குப் பிடிக்கவில்லை, போய்விட்டாள், இப்போது வேறு இடத்தில் நன்றாகப் படிக்கிறாள் என்று கொஞ்சமும் குறை இல்லாமல் சொன்னாராம்.

“பிடிக்கலைன்னா திரும்பி வரலாம்னு அவங்களே சொன்னாங்கப்பா. அதான் போறேன்.”

எனக்கு முழுதாகப் புரியவில்லை. ஆனால் அவள் முகத்தில் சந்தேகம் இல்லை.

புதுப் படிவத்தில் அவள் இடத்தில் அவள் கையெழுத்துப் போட்டாள். பிறகு பேனாவை என்னிடம் நீட்டினாள். நான் வாங்கவில்லை. முதலில் கடிதத்தைப் படித்து அர்த்தம் சொல்லு என்றேன். ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னாள். தமிழ் வராத இடத்தில் இந்தியில் சொன்னாள். நடுநடுவே நிறுத்தி, சாப்பாடு எப்படி, உடம்புக்கு வந்தால் யார் பார்ப்பார்கள் என்றெல்லாம் கேட்டேன். பொறுமையாகப் பதில் சொன்னாள். கடைசியாக ஒன்று கேட்டேன்.

“ஞாயித்துக்கெழமை வீட்டுக்கு விடுவாங்களா?”

அவள் ஒன்பது கேள்வித் தாளை எடுத்துப் பார்த்தாள். அதில் அது இல்லை. தெரியலப்பா, நாளைக்குக் கேட்டுட்டு வரேன் என்றாள். சரி, கேட்டுட்டு வா, இன்னும் நாள் இருக்கே என்றேன்.

மறுநாள் சாயங்காலம் பட்டறையிலிருந்து வந்தேன். செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே, சனிக்கிழமை மத்தியானமே விட்டுருவாங்களாம் என்றாள். கையெழுத்துப் போட்டேன்.