கணக்குக் குரூப்பின் கடைசி இடம்

பள்ளிகளில் ப்ளஸ் டூ வந்த முதல் வருடம். எங்கள் பள்ளியில் கணக்குக் குரூப்பில் ஒரே ஓர் இடம்தான் மிச்சம். வரிசையில் எனக்குப் பின்னால், அதே குரூப்புக்காக, திரேஸ்புரத்து ரோசி நின்றாள். விண்ணப்பத்தை நிரப்ப என்னிடம் பேனா இல்லை.

"இந்தா, எழுதிட்டுத் தாலே," என்று தன் பேனாவைக் கொடுத்தாள்.

நண்பர்கள் சேர்ந்தார்கள் என்பதற்காகவே அந்த இடத்தை வாங்கினேன். மூன்றாம் நாளே, ஊர் சுற்றும் ஆசையில், உப்பு லாரியில் ஏறி ஊரைவிட்டுப் போய்விட்டேன். அட்மிஷன் முடிய ஒரு வாரம் இருந்தது. பள்ளியில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவளுக்குக் கிடைத்திருக்கும். சொல்லத் தோன்றவில்லை.

ஆறு மாதம் கழித்துத் திரும்பியபோது, ரோசி இறால் கம்பெனி வேலை முடிந்து வந்துகொண்டிருந்தாள். இறால் உரித்து உரித்து விரல்கள் வெளுத்து ஊறியிருந்தன. படிப்பை விட்டுப் போனதைச் சொன்னேன்.

"கணக்கு ரொம்பக் கஷ்டமா இருந்துச்சோ?" என்று பரிவோடு கேட்டாள்.

"ஆமா" என்றேன். ஒரு கணக்குகூடப் போட்டுப் பார்க்கவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

அதன்பின் எத்தனையோ ஊர்களில் எத்தனையோ வரிசைகளில் நின்றுவிட்டேன். பின்னால் நிற்பவரைத் திரும்பிப் பார்க்காமல் இருந்ததில்லை.