செல்வி அக்கா போட்ட கையெழுத்து

கல்விக்கடனை நான் கட்டவில்லை. முடியாமல் அல்ல, முடிந்தும் கட்டவில்லை. முதலில் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். மற்றதை அதன்பிறகு வாசியுங்கள்.

திருச்சிப் பக்கத்து இலங்கை அகதி முகாமில் பிறந்தவள் நான். பொறியியல் படிக்க ஒரு தனியார் நிதி நிறுவனம் கடன் தந்தது, உள்ளூர்க்காரர் ஒருவர் பிணை நின்றால் மட்டும். அம்மா வேலை செய்த தையல் கடையின் சொந்தக்காரி செல்வி அக்கா நின்றார். படிவத்தை அவர் வாசிக்கவே இல்லை.

"எங்க போடணும்னு சொல்லு ஜெனி."

நான் விரலால் இடத்தைக் காட்டினேன்.

படிப்பு முடிந்து, குடும்பத்தோடு இலங்கையில் எங்கள் ஊரான மன்னாருக்குத் திரும்புமுன் பட்டியல் எழுதினேன். எதற்கும் பட்டியல் எழுதுபவள் நான். முகாம் பதிவு நீக்கம், எரிவாயு உருளை, பிறப்புச் சான்றிதழ்கள்... பூனையை யாரிடம் விடுவது என்பதுவரை அதில் இருந்தது. கடன் இல்லை. மறந்தேனா? இல்லை. எழுதப் பேனாவை வைத்து, எடுத்துவிட்டேன்.

எங்கள் குடும்பம் வீட்டையும் வள்ளத்தையும் விட்டு ஓடிப் பழகியது. கடல் கடந்தால் விட்டது விட்டதுதான் என்று கேட்டே வளர்ந்தேன். ஆனால் அவர்கள் விட்டுவந்தது தங்களுடையதை. நான் விட்டுவந்தது இன்னொருத்தியின் பெயரை. இந்த வித்தியாசம் எனக்கு ஏன் உறைக்கவில்லை?

மன்னாரின் பேசாலைக் கிராமத்தில் குடியேறினோம். தொலைபேசி எண்ணை மாற்றினேன். செல்வி அக்காவின் எண் தொலைந்துவிட்டதென்று அம்மாவிடம் சொன்னேன். காற்றாலை ஒன்றில் வேலையும் கிடைத்தது. மூன்று வருடம் கழித்து, நிரந்தரமாக்க மூலப் பட்டச் சான்றிதழ் வேண்டும் என்றார்கள். அது கல்லூரியில் கிடந்தது. நேரில் போக வேண்டியதாயிற்று.

அம்மா பாரைக் கருவாட்டைப் பொதி செய்தார்.

"செல்விக்கு இது எண்டால் உயிர். கடனெல்லாம் கட்டி முடிஞ்சுதே பிள்ளை?"

"ஓம் அம்மா."

"அப்ப தலை நிமிர்ந்து போ. மணக்குதெண்டு வழியில எறிஞ்சுபோடாதை."

திருச்சி விமான நிலையத்தில் வரிசையில் நின்றேன். என்னென்ன நடக்கலாம் என்று ஒரு பட்டியல் மனதில் இருந்தது: தடுத்து வைப்பார்கள், கடவுச்சீட்டைப் பறிப்பார்கள், வழக்குப் போடுவார்கள். அதிகாரி முத்திரை குத்தி அடுத்தவரைக் கூப்பிட்டார். அவ்வளவுதான்! யாரும் என்னைத் தேடவில்லை. எவ்வளவு நிம்மதியாக இருந்தது... அந்த நிம்மதியை நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது.

கல்லூரியில் சான்றிதழை வாங்கிக்கொண்டு செல்வி அக்காவின் கடைக்குப் போனேன். மூன்று தையல் இயந்திரங்கள் ஓடிய இடத்தில் ஒன்றுதான் இருந்தது. அதில் அக்காவின் மகள் பவித்ரா உட்கார்ந்திருந்தாள். நாங்கள் புறப்பட்டபோது பள்ளியில் படித்துக்கொண்டு, நர்ஸ் ஆவேன் என்று சொல்லித் திரிந்தவள்.

"நர்ஸிங் சேரலையா?" என்று கேட்டேன்.

"சீட் கெடச்சுது, லோன் கெடக்கல. அம்மா ஜாமீன் போட்ட பழைய பாக்கி நிக்குதுன்னு பேங்க்ல தள்ளிட்டாங்க." நேற்று மழை பெய்தது என்பதுபோலச் சொன்னாள். "ரெண்டு மிஷினை வித்து அதைக் கட்டினாங்க. அதுக்குள்ள சீட் போயிடுச்சு." நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

என் பட்டியலில் இது இல்லை. எந்த வரியிலும் இது இல்லை.

செல்வி அக்கா தேநீரோடு வந்தார். கருவாட்டை முகர்ந்து, "இந்த வாசம் இல்லாம தெருவே செத்துக் கெடந்துச்சு" என்று சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"அழாதடி. அங்க வேலை கெடச்சிருக்காது. கெடச்சிருந்தா நீ கட்டாம இருப்பியா? உன்னை எனக்குத் தெரியாதா?"

மடியில் இருந்த பையில் என் நிறுவனத்தின் கடிதம் இருந்தது. மூன்று வருடச் சேவை என்று அதன் முதல் வரியே சொல்லும்.

"ஆமாக்கா," என்றேன். "இன்னும் கெடக்கல."

இப்போது வேலை நிரந்தரமாகிவிட்டது. பணத்தை அனுப்பிவிடு என்பீர்கள். அனுப்பினால் எப்போதிலிருந்து சம்பளம் வாங்குகிறேன் என்று சொல்ல வேண்டும். பவித்ராவின் இடம் பறிபோன மாதமும் வாங்கினேன் என்று சொல்ல வேண்டும். முகம் தெரியாத உங்களிடம் சொல்லத் துணிந்தவள், அவர்களிடம் சொல்லத் துணியவில்லை.

இன்று ஞாயிறு. பூசை முடிந்து மாதா கோயிலுக்கு வெளியே வந்து கைபேசியைத் திறந்தேன். அன்று என் புது எண்ணை வாங்கிக்கொண்ட பவித்ராவின் செய்தி இருந்தது.

"அக்கா, வேலை ஏதாச்சும் கெடச்சுதா? உனக்காக அம்மா செவ்வாக்கெழம செவ்வாக்கெழம சாப்பிடாம விரதம் இருக்காங்க."

கைபேசியைப் பைக்குள் போட்டேன். நாளை மறுநாள் செவ்வாய்க்கிழமை.