சாரம் வரும் வரைக்கும்

எங்கள் வீட்டில் சாரம் என்றால் கட்டட வேலைக்கு ஆள் ஏறி நிற்கக் கட்டுகிற சவுக்குக் கம்பும் கயிறும்தான். நான் தமிழாசிரியை. பள்ளிக்கூடத்தில் பாட்டின் சாரத்தை எழுதச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தால், "வலையபட்டியில சாரம் கட்டியாச்சா இல்லையா?" என்று என் வீட்டுக்காரர் வாசலில் நின்று போனில் கத்திக்கொண்டிருப்பார். அவர் கட்டட கான்ட்ராக்டர். காரைக்குடியைச் சுற்றியிருக்கிற பழைய பெரிய வீடுகளை ஓட்டலாக மாற்றுகிறவர்களுக்குச் செப்பனிட்டுக் கொடுப்பது தொழில். விழப்போகிற சுவரைக் கண்டால்தான் மனிதருக்கு முகத்தில் சிரிப்பே வரும்.

அந்த வலையபட்டி வீட்டில்தான், மேலே நடந்த பூச்சு வேலையை அண்ணாந்து பார்த்துத் திட்டிக்கொண்டிருந்தபோது அவருக்கு மாரடைப்பு வந்தது. வேலையாட்கள் காரில் போட்டு மதுரைக்குக் கொண்டுபோனார்கள். அடைப்பை நீக்கி ஸ்டென்ட் வைத்தார்கள், பிழைத்துவிட்டார். டாக்டர் எங்களிடம் ஒளிக்காமல் சொன்னார். இதயத்தில் ஒரு பகுதித் தசை செத்துவிட்டது, அது திரும்ப வளராது. மிச்சமிருப்பதை வைத்துக்கொண்டு நன்றாகவே வாழலாம். மாத்திரையை விடக்கூடாது, தினமும் நடக்க வேண்டும், நடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும். படுத்தே கிடந்தால் இருக்கிற பலமும் போய்விடும்.

இவர் காதில் விழுந்தது 'செத்துவிட்டது' என்ற ஒரு சொல் மட்டும்தான்.

எங்கள் மகள் சென்னையில் ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் இருக்கிறாள். 'செல் வளர்க்கிறாள்' என்று நான் சொன்னால் சொந்தக்காரர்கள், "செல்போன் கம்பெனியா?" என்று கேட்பார்கள். எனக்கும் அதற்கு மேல் விளக்கத் தெரியாது. ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தவள், அப்பா கண்கலங்கிப் படுத்திருப்பதைப் பார்த்துத் தாங்காமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கவலைப்படாதீங்கப்பா. செத்த தசைக்கு மேல ஒட்டுறதுக்குத்தான் நாங்க ஸ்கஃபோல்டு செய்றோம். புரதத்துல மெல்லிசா ஒரு வலை மாதிரி. அதுல இதய செல்லை ஏத்தி வளக்கிறோம்."

படுத்திருந்தவர் பாதி எழுந்துவிட்டார். "ஸ்கஃபோல்டா? அட, நம்ம சாரம்!"

அவளும் ஆமாம் என்று தலையை ஆட்டிவிட்டாள். அங்கே பிடித்தது வினை.

வீட்டுக்கு வந்ததும் கட்டிலில் படுத்தவர்தான். நடக்கக் கூப்பிட்டால் வரமாட்டார். கட்டடக் கணக்கு ஒன்றை வைத்துக்கொண்டு அதிலேயே நின்றார்.

"விரிசல் விட்ட செவுத்துல பாரம் ஏத்தலாமா? சாரம் வர்ற வரைக்கும் அசையாம இருக்கணும்."

"டாக்டர் நடக்கச் சொன்னாருல்ல? ஏன் இப்படிப் படுத்தே கெடக்கீக?"

"அவருக்கு வைத்தியம் தெரியும், ஒனக்குத் தமிழு தெரியும். செவுரு எனக்குத் தெரியும்."

பார்க்க வந்தவர்களிடமெல்லாம் ஒரே பெருமை. மக சாரம் செய்யிறா, வந்து கட்டுனதும் எந்திரிச்சிருவேன் என்பார். அவர்களும் கொண்டுவந்த ஆப்பிளை வைத்துவிட்டு, நல்லா ஓய்வெடுங்க என்று சொல்லிவிட்டுப் போவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பாத்ரூமுக்குப் போய் வந்தாலே அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. காலில் சதை வற்றிப்போனது. நான் அவரோடு போட்ட சண்டையெல்லாம் கோபத்தில் போட்டது என்று அக்கம்பக்கத்தில் நினைத்திருப்பார்கள். பயம். இந்த மனிதர் வராத சாரத்துக்காகக் காத்திருந்தே போய்விடுவார் என்ற பயம்.

ஏனென்றால் அது இப்போதைக்கு வராது என்று மகள் என்னிடம் போனில் சொல்லியிருந்தாள். எலியின் இதயத்தில்தான் வைத்துப் பார்த்திருக்கிறார்களாம். அடுத்து பன்றி. மனிதருக்கு வைப்பதை உலகத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாக இப்போதுதான் சோதித்துப் பார்க்கிறார்கள். "நீங்க பக்குவமாச் சொல்லிருங்கம்மா" என்றாள்.

"தலையை ஆட்டுனது நீ. நீயே வந்து சொல்லு."

பொங்கல் விடுமுறைக்கு வந்தவள், காப்பி குடித்த கையோடு அவர் கட்டிலில் போய் உட்கார்ந்தாள். போனில் ஒரு வீடியோவைக் காட்டினாள். கண்ணாடித் தட்டில், இளஞ்சிவப்புத் தண்ணீருக்குள், நகத்தளவில் கண்பூளை மாதிரி ஒன்று. பார்த்துக்கொண்டே இருந்தோம். அது சுருங்கியது. விரிந்தது. மறுபடி சுருங்கியது. உடம்பு என்று எதுவும் இல்லாமல் அது பாட்டுக்குத் துடித்துக்கொண்டிருந்தது. இவர் கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது. எனக்கும்தான்.

"எனக்கு எப்ப ஆத்தா கட்டுவ?" என்றார்.

"தெரியலப்பா. இன்னும் பல வருசம் ஆகும். ஒங்களுக்குக் கெடைக்கும்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. அன்னைக்கே சொல்லியிருக்கணும்."

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். மகள் என்னைப் பார்த்தாள். நான் கண்ணைக் காட்டினேன், உட்கார் என்று. தொழில்காரர் வாய் எவ்வளவு நேரம் சும்மா இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

"வேலை முடிஞ்சா அந்தச் சாரத்தை யாரு பிரிப்பா?" திரும்பாமலே கேட்டார். "மறுபடி நெஞ்சைத் தொறக்கணுமா?"

"பிரிக்க வேணாம்ப்பா. கொஞ்சங்கொஞ்சமாத் தானாக் கரைஞ்சிரும். அதுக்குள்ள செல்லெல்லாம் தனக்கு வேண்டிய பிடிப்பைத் தானே உண்டாக்கிக்கணும்."

இப்போது திரும்பினார். "தானாப் பிரியிற சாரமா! செல்லை அதுல ஏத்தி விட்டாப் போதுமா?"

"போதாது. சும்மா விட்டா சோந்து போயிரும், நல்லாச் சுருங்காது. அதனால தெனமும் மெசின்ல வச்சு இழுத்து இழுத்து விடுவோம். வேலை குடுத்தாத்தான் அது தசையாகுது."

"பின்னே? சாரத்துல ஏறி சும்மா உக்காந்திருக்கிறவனை நானும் எறக்கி விட்டுருவேன்ல?"

எனக்கு வாய் சும்மா இருக்குமா? "அப்பக் கட்டில்ல சும்மா கெடக்கிறவுகளை யாரு எறக்கி விடுறது?" என்றேன்.

மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. என்னை முறைத்துப் பார்த்தார். நான் கொஞ்சம் அதிகமாகத்தான் பேசிவிட்டேனோ என்று மனசு அடித்துக்கொண்டது.

மறுநாள் காலையில் கோலம் போட்டுவிட்டு நிமிர்ந்தால், கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். "என் செருப்பை எங்க ஒளிச்சு வச்ச?" என்கிறார். செருப்பு அவர் காலடியில்தான் கிடந்தது. மகள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். தெருமுனைப் பால் கடை வரைக்கும் போய்த் திரும்பினோம். வழியெல்லாம் யார் வீட்டுக் காம்பவுண்டில் விரிசல் என்று சொல்லிக்கொண்டே வந்தார். எனக்கு அதைக் கேட்கக் கேட்க அப்படி ஒரு சந்தோஷம்.

அதன்பிறகு நாள் தவறவில்லை. டாக்டர் சொன்னபடி நடையைக் கூட்டினோம். மாத்திரைக்கு 'முட்டு' என்று பெயர் வைத்திருக்கிறார். சாயாமல் தாங்குவதற்குக் கொடுக்கிற முட்டு. "முட்டை எடுத்துட்டு வா" என்பார், விருந்தாளிகள் கோழி முட்டை என்று நினைத்துக்கொள்வார்கள். போன மாதம் எக்கோ எடுத்துப் பார்த்த டாக்டர், செத்தது செத்ததுதான், ஆனால் மற்றது முன்னைவிட நன்றாக வேலை செய்கிறது என்றார். வெளியே வந்ததும் இவர் என்னைப் பார்த்த பார்வையைப் பார்க்க வேண்டும், என்னவோ அவராகவே நடக்கக் கிளம்பியவர் மாதிரி!

இப்போது அரியக்குடிப் பெருமாள் கோயில் பக்கம் காரை நிறுத்திவிட்டு அங்கே நடக்கிறோம். நேற்று அப்படி நடந்துகொண்டிருந்தபோது மகளிடமிருந்து போன். குரலே சரியில்லை. அவர்கள் சாரத்தில் ஏற்றி வளர்த்த செல் ஒரு தொகுதி முழுவதும் துடிக்காமல் போய்விட்டதாம். மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

"ஒங்களுக்காக வேகமாச் செய்யணும்னுதான்ப்பா பாத்தேன்" என்று அழுதாள்.

இவர் நின்றார். மூச்சு வாங்கவில்லை, அவளுக்குச் சரியாகக் கேட்க வேண்டுமென்றுதான் நின்றார்.

"அவசரப்பட்டுச் சாரம் கட்டாத ஆத்தா, ஆளு ஏறுற எடம். நிதானமாக் கட்டு. இங்குட்டு செவுரு நிக்கிது."