காற்றை வெட்டிய கத்தரிக்கோல்

மல்வேர்னில் எனக்குத் தலைமயிர் வெட்டும் சலூன்காரர், கூடைப்பந்து பார்க்கும்போது பந்தைக் கூடைக்குள் போடுபவனை மெச்சவே மாட்டார். கொடுத்தவனைத்தான் மெச்சுவார். சுவர் டிவியில் யாராவது நல்ல பாஸ் கொடுத்தால், கத்தரிக்கோலை உயர்த்தி வெறும் காற்றை இரண்டு தரம் வெட்டுவார். தடித்த உடம்பு, சாயம் போட்ட மீசை. சட்டைக்கு மேலே எங்கள் அணியின் நட்சத்திர வீரனுடைய ஜேர்சி.

அந்த ஞாயிறு பின்னேரம் நான் கதிரையில் இருந்தேன். டிவியில் எங்கள் அணியின் ஆட்டம். ஒரு புள்ளியால் பின்னுக்கு நின்றோம், கடைசி விநாடிகள். அந்த வீரன் பந்தோடு கூடைக்குக் கீழே நின்றான். மறிக்க ஒருவரும் இல்லை. ஆனாலும் அவன் போடாமல், இரண்டு பேர் மறித்துக்கொண்டிருந்த தன் அணிக்காரனிடம் எறிந்தான். பந்து பறிபோனது. தோற்றோம்.

பழக்கதோஷத்தில் கத்தரிக்கோல் ஒரு தரம் காற்றை வெட்டிவிட்டு, அப்படியே நின்றது.

"ஏன் அண்ணை உவன் போடேல்லை?" என்றேன்.

"உவன்ர பாஸில இண்டைக்கு ஒன்பது தரம் மற்றவங்கள் போட்டிட்டாங்கள். இதையும் மற்றவன் போட்டிருந்தா பத்து. பத்தெண்டா சாதனையெண்டு பேர் வரும்."

"எண்டாலும் பாஸ் தானே குடுத்தவன்?"

"அது குடுத்ததில்லை, தம்பி. எடுத்தது."

ஜேர்சியைக் கழற்றி, அதாலேயே என் பிடரியில் ஒட்டியிருந்த மயிரைத் தட்டினார்.

இப்போதும் அவரிடம்தான் போகிறேன். டிவியில் நல்ல பாஸ் ஒன்று வந்தால் கத்தரிக்கோல் நின்றுவிடும். கண்ணாடிக்குள் அதையே பார்த்துக் காத்திருப்பேன். அது உயராது.