நெட்டைக்குக் கொடுத்த ப்ராக்ஸி

இதைச் சொன்னால் என் மனைவியே நம்புவதில்லை. நீங்கள் நம்பித்தான் ஆக வேண்டும் என்று நானும் கேட்கவில்லை. ஆனால் நடந்தது நடந்ததுதான். நான் லிஃப்ட் ரிப்பேர் செய்பவன். இருட்டுக் குழிக்குள் தனியாக இறங்கி வேலை பார்த்துப் பழகியவன். நிழலைப் பார்த்துப் பேய் என்று கத்துகிற ஆள் இல்லை.

கல்லூரியில் நாங்கள் நாலு பேர். கேப்டன், மொட்டை, நான், நெட்டை. படிப்பு முடிந்ததும் ஆளுக்கொரு நாட்டில் பிழைப்பு. பதினோரு வருஷம் கழித்து, எங்களில் யாருக்கும் சொந்தமில்லாத ஒரு மலையடிவார ஊரில், வாடகைக்கு எடுத்த மூன்றாம் மாடி வீட்டில் ஒன்று சேர்ந்தோம். கேப்டனுக்குத் தொப்பை விழுந்திருந்தது. மொட்டைக்குத் தலை நிறைய முடி, எல்லாம் காசு கொடுத்து நட்டது. நெட்டை மட்டும் அப்படியே இருந்தான், இடது முழங்காலில் இருந்த ஆபரேஷன் தழும்பைத் தவிர.

மறுநாள் விடிந்ததும் சிகரத்துக்குக் கிளம்புவதாகத் திட்டம். அதற்கு முன்னால் கால் பழகட்டும் என்று, மதியமே ஊருக்குப் பின்னால் இருந்த சின்ன மலைக்குக் கேப்டன் கூட்டிப் போனான்.

"இன்னைக்கு எவன் பின்தங்குறானோ, அவன் நாளைக்கு வீட்டுல சாமானுக்குக் காவல். சொல்லிட்டேன்."

நெட்டையின் முழங்காலைப் பார்த்துத்தான் சொன்னான்.

எங்களுக்குள் ஒரு பழைய வழக்கம் உண்டு. பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை முன்னால் போகிற கேப்டன் "ஒன்னு" என்பான். பின்னால் வருகிறவர்கள் வரிசையாக எண்ணைச் சொல்ல வேண்டும். மொட்டை ரெண்டு. நான் மூணு. நெட்டை நாலு.

இறங்கும்போது மூடுபனி சூழ்ந்தது. மணி 3:40. நெட்டை என் தோளைப் பிடித்தான்.

"முட்டி வலிக்குதுடா. பத்து நிமிஷம் உக்காந்துட்டு வந்துடறேன். கேப்டன் கூப்பிட்டா குரல் குடுத்துடு."

"தனியா வந்துடுவியா?"

"பாதை ஒன்னுதானேடா. ரெண்டு வருஷமா லீவு சேர்த்து வச்சு வந்திருக்கேன். தெரிஞ்சா என்னை விட்டுட்டுப் போயிடுவான்."

வராதவனுக்கு வந்ததாகக் குரல் கொடுப்பது எங்களுக்குப் புதிதில்லை. கல்லூரியில் நெட்டைக்கு நான் கொடுத்த ப்ராக்ஸிக்கு அளவே கிடையாது. அவன் குரல் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஒரே ஒரு வித்தியாசம். அவன் மூக்கால் "நாலு" என்று வெட்டிச் சொல்வான். நான் கிண்டலுக்காகக் கடைசியில் கொஞ்சம் இழுப்பேன். "நாலூ..."

3:50. கொடுத்தேன்.

4:00. கொடுத்தேன். மொட்டை முன்னாலிருந்து சிரித்தான்.

4:10. கொடுத்தேன். அரை மணி நேரமாகியும் அவன் வந்து சேரவில்லை. அடுத்த தடவை கேப்டனிடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன்.

4:20. "மூணு" என்றேன். அடுத்து என்ன சொல்வது என்று யோசிப்பதற்குள் எனக்குப் பின்னாலிருந்து வந்தது.

"நாலூ..."

அப்பாடா என்று இருந்தது. "வந்துட்டியா?" என்றேன். பதில் இல்லை. மூச்சு வாங்குகிறான் என்று நினைத்தேன். வழுக்குப் பாதை, கண்ணெல்லாம் காலடியில். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் அவனே சொன்னான்.

5:25. வீட்டுக்கு வந்துவிட்டோம். குனிந்து ஷூ கழற்றும்போது எனக்குப் பின்னால் கதவு சாத்தும் சத்தம். கொஞ்ச நேரத்தில் குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம்.

"மகராசன், முதல்ல போய் நின்னுட்டான் பாரு" என்றான் மொட்டை.

6:05. மொட்டை டீ போட்டு நாலு கோப்பையில் ஊற்றினான். தண்ணீர் இன்னும் விழுந்துகொண்டிருந்தது. நாற்பது நிமிடமாக...

வாசலைப் பார்த்தேன். ஷூ மூன்று ஜோடி. தரையில் சேற்றுத் தடம் மூன்று பேருக்கு. எதுவும் குளியலறைப் பக்கம் போகவில்லை.

"டேய்... நெட்டை ஷூ எங்க?"

கேப்டன் சிரித்துக்கொண்டே குரலை உயர்த்தினான். "ஒன்னு."

"ரெண்டு."

"மூணு."

"நாலூ..."

குளியலறையிலிருந்து.

மொட்டை என்னைப் பார்த்தான். "நீதானேடா?"

"மூணு" சொன்ன பிறகு நான் வாயே திறக்கவில்லை.

அப்போதுதான் உறைத்தது. அந்த இழுப்பு நெட்டையுடையது இல்லை.

என்னுடையது.

6:10. தண்ணீர் நின்றது.

கதவைத் திறந்தோம்.

விளக்கு எரியவில்லை.

தரை காய்ந்து கிடந்தது.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கேப்டன் ஒன்றுதான் கேட்டான். "எத்தனை தடவை குடுத்தே?"

"மூணு. அதுக்கப்புறம் நான் இல்லடா."

மீட்புக் குழுவைக் கூப்பிட்டோம். பனி கொட்டியதால் விடிந்த பிறகுதான் அவர்களால் ஏற முடிந்தது. காலை 7:15-க்கு, பாதைக்குக் கீழே ஒரு பள்ளத்தில் நெட்டையைக் கண்டுபிடித்தார்கள். எங்களைப் பிடிக்க அவசரமாக இறங்கி, சறுக்கி, கால் உடைந்திருக்கிறது. அது சாகிற காயம் இல்லை என்றார் குழுத் தலைவர். குளிர்தான் கொன்றிருக்கிறது. மாலை ஆறு மணி வரைக்கும் உயிர் இருந்திருக்கும், வெளிச்சம் இருக்கும்போதே சொல்லியிருந்தால் தூக்கியிருக்கலாம் என்றார்.

9:02. அவனுடைய போன் ஊருக்குள் வந்து சிக்னல் கிடைத்ததும், எங்கள் மூன்று பேர் போனும் ஒன்றாக ஒலித்தன. நெட்டை அனுப்பிய குரல் செய்தி. பேசிய நேரம் 4:30.

முதலில் காற்று. பிறகு மேலே பாதையில் எங்கோ கேப்டன், "ஒன்னு." மொட்டை, "ரெண்டு." நான், "மூணு." நெட்டை உயிரைக் கொடுத்துக் கத்துகிறான், "நாலு." ஆனால் அதை அமுக்கிக்கொண்டு இன்னொரு குரல். எனக்குப் பின்னால் வந்ததாக அன்று நான் நினைத்த அதே குரல். பதிவில் அது அவன் வாய்க்குப் பக்கத்தில் கேட்கிறது.

"நாலூ..."

அதன் பிறகு நெட்டை அழுகிறான். "டேய் மூணு... நான் கீழ கிடக்கேன்டா. போதும்டா. இனிமே எனக்காகக் குரல் குடுக்காதடா."

கேப்டன் அன்றோடு என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டான். குளியலறையில் கேட்டதுகூட என் வித்தைதான் என்று மொட்டையிடம் சொல்லியிருக்கிறான். நாலரைக்கு அந்தக் குரலை நான் கொடுக்கவில்லை. சத்தியமாகக் கொடுக்கவில்லை.

ஆனால் நான்தான் கொடுத்தேன் என்று நினைத்துக்கொண்டே நெட்டை செத்துப்போனான்.